வழி சொல்லும் செயலிகள்: ஓர் ஒப்பாய்வு



நம் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் வழி கேட்டால், "எட்டாங்கட்டையில் இறங்கு, கம்பிச்சடக்கைத் தாண்டு, பழைய ஸ்டோருக்கு எதிரே போகும் செம்மண் சடக்கில் நேரே போ" என்று சொல்வார். எட்டாங்கட்டைக் கல் பிடுங்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருக்கலாம். ஸ்டோர் இருந்த இடத்தில் செம்பனை வளர்ந்திருக்கலாம். ஆயினும் அவர் சொன்ன வழி தவறுவதில்லை. இன்றைய ஓட்டுநர் அம்முதியவரைக் கேட்பதில்லை. வண்டியின் முன்கண்ணாடியருகே கைப்பேசியைப் பொருத்திக்கொண்டு, அது சொல்லும் பக்கம் திரும்புகிறார். இவ்வாறு வழி சொல்லும் செயலிகள் யாவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, நம்போன்ற தோட்டப்புறத்தார்க்கு அவற்றுள் ஏற்றது எது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நலம். "வானத்திலிருக்கும் துணைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அதுதான் வழி சொல்கிறது" என்று மாணவர்கள் மட்டுமல்லர், பெரியவர்களும் கருதுகின்றனர். உண்மை அஃதன்று. ஜி.பி.எஸ். எனப்படும் இடங்காண் முறையைச் சேர்ந்த துணைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை உலகைச் சுற்றி வருகின்றன. அவை நம்மைப் பார்ப்பதுமில்லை. நம் பெயரை அறிவதுமில்லை. கோயில் மணி நாழிகை அறிவிப்பதுபோல, "நான் இன்ன துணைக்கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பதே அவற்றின் பணி. நம் கைப்பேசி வெறுமனே செவிமடுக்கிறது. அவ்வளவே.

மணியோசை தொலைவிலிருந்து வரும்போது சற்றுத் தாமதமாக நம் காதில் விழுகிறதன்றோ? அதுபோலவே துணைக்கோளின் குறிப்பும் தாமதமாகவே வந்து சேர்கிறது. ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், நம்மை அடைவதற்கு ஒரு விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அத்தாமதத்தை அளந்து கைப்பேசி தொலைவைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் தொலைவு தெரிந்தால், நாம் நிற்குமிடம் தெரிந்துவிடும். மூன்று போதாவோ என்று கூர்மையுள்ள மாணவர் கேட்கலாம். துணைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம். நம் கைப்பேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். அக்கடிகாரத்தின் பிழையைத் திருத்திக்கொள்வதற்கே நான்காவது தேவைப்படுகிறது. ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்து, அதில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இம்முறையின் முதல் துணைக்கோளை அமெரிக்கா 1978ஆம் ஆண்டில் ஏவியது. அது படைத்துறைக்கென அமைந்தது. 1983இல் வழிதவறிச் சென்ற கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் படையால் சுட்டு வீழ்த்தப்பட்டபின், பொதுமக்களும் இதனைப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு அதிபர் ரேகன் அறிவித்தார். ஆயினும் பொதுமக்களுக்குரிய குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டு வந்தது. அதனால் நூறு மீட்டர் அளவுக்கும் இடம் பிசகக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. அதன் பின்னரே, சாலையில் எந்தச் சந்தியில் திரும்புவது என்று சொல்லும் கருவி மக்களுக்கு நம்பத்தக்கதாயிற்று. இன்று ரசியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் தத்தம் துணைக்கோள் கூட்டங்கள் உண்டு. புதிய கைப்பேசிகள் அவை அனைத்தையும் செவிமடுக்கின்றன. திறந்தவெளியில் ஐந்து மீட்டர் அளவில் இடம் தெரியும். அடர்ந்த செம்பனையின் கீழும் மலையிடுக்கிலும் அது குறையும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். துணைக்கோளைச் செவிமடுக்கக் காசும் வேண்டா, சிம் அட்டையும் வேண்டா. கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத எட்டாம் பிரிவிலும் நம் இடம் கைப்பேசிக்குத் தெரியும். அலை இல்லாவிடில் இல்லாமற்போவது வரைபடமே. செயலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. துணைக்கோள் எல்லாச் செயலிக்கும் பொது. வரைபடம் யாருடையது, அஃது எங்கே வைக்கப்பட்டுள்ளது, வழியை எவ்வாறு தேர்கிறது என்பனவே அவற்றைப் பிரித்துக் காட்டுவன.

வழியைத் தேரும் முறையை ஒரு கணக்கால் விளக்குவோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க. நம் பள்ளியிலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. பள்ளியிலிருந்து முன்வாயில் 6 நிமிடம். முன்வாயிலிலிருந்து பெருஞ்சாலைச் சந்தி 9 நிமிடம். சந்தியிலிருந்து மருத்துவமனை 10 நிமிடம். மற்றொரு வழியில், பள்ளியிலிருந்து பின்வாயில் 4 நிமிடம். பின்வாயிலிலிருந்து ஆற்றுப் பாலம் 5 நிமிடம். பாலத்திலிருந்து மருத்துவமனை 8 நிமிடம். (கணக்கு எளிதாகும் பொருட்டு எண்களைச் சற்று முழுமையாக்கியுள்ளோம்.)

செயலி பள்ளியில் தொடங்குகிறது. எட்டக்கூடிய இடங்களுள் மிக அண்மையானது எது? பின்வாயில், 4. அதனைக் குறித்துக்கொள்கிறது. அடுத்தது முன்வாயில், 6. அதற்கடுத்தது பாலம், 4உம் 5உம் சேர்ந்து 9. பின்னர்ச் சந்தி, 15. இறுதியில் மருத்துவமனை பாலத்தின் வழியாக 17 நிமிடத்தில் கிட்டுகிறது. சந்தியின் வழியாகவோ 25. ஆகவே 17ஐத் தேர்ந்து, "பின்வாயில் வழியே செல்க" என்கிறது. எப்போதும் இதுவரை எட்டியவற்றுள் மிகக் குறைந்ததை முதலில் எடுத்து, அங்கிருந்து மேலே செல்லும் இம்முறையை வகுத்தவர் டைக்ஸ்ட்ரா என்னும் ஆலந்து நாட்டுக் கணினி அறிஞர். அவர் இதனை 1959இல் வெளியிட்டார். இன்றைய செயலிகள் இதனையே பலவாறு விரைவுபடுத்திக் கையாளுகின்றன. மூன்றாம் ஆண்டில் கற்ற கூட்டல் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க.

கணக்கில் குற்றமில்லை. குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. பின்வாயிலை மாலை ஆறு மணிக்குச் சங்கிலியிட்டுப் பூட்டுகிறார்கள். பழத்திருட்டைத் தடுக்கத் தோட்ட நிருவாகம் செய்துள்ள ஏற்பாடு அது, வேண்டியதுந்தான். ஆனால் வரைபடத்தில் அங்கே ஒரு கோடு இருக்கிறதே யன்றிக் கதவு இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பழம் வெட்டும் தொழிலாளி ஒருவரைப் பாம்பு தீண்டிற்று. அந்திநேரம். 999 எண்ணை அழைத்தவுடன் மருத்துவ வண்டியும் தாமதமின்றிப் புறப்பட்டது. ஓட்டுநர் இவ்வட்டாரத்திற்குப் புதியவர். செயலி காட்டிய வழியே வந்தார். பின்வாயிலின் பூட்டுக்கு முன்னால் நின்றார். அங்கே கைப்பேசி அலையும் இல்லை. மேற்சொன்ன எண்களையே கூட்டிப் பாருங்கள். அவர் வந்த வழியே திரும்பி, சந்தியைச் சுற்றி முன்வாயிலுக்கு வர 5, 8, 10, 9, ஆக 32 நிமிடம். அதற்குள் லயத்து இளைஞர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் குறுக்கே சென்று வண்டியைக் கண்டு அழைத்து வந்தனர். தீண்டப்பட்டவர் பிழைத்துக்கொண்டார், இப்பொழுது மீண்டும் வேலைக்குச் செல்கிறார். ஓட்டுநர் எந்தச் செயலியைப் பயன்படுத்தினார் என்று சிலர் நம்மைக் கேட்டனர். எந்தச் செயலியாயினும் அன்று அதனையே சொல்லியிருக்கும். கதவு எதிலும் குறிக்கப்படவில்லை. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கினோம்.

இனிச் செயலிகளுக்கு வருவோம். நம் நாட்டில் ஓட்டுநர்கள் பெரிதும் விரும்புவது வேஸ். இஸ்ரேலில் தன்னார்வலர்கள் வரைந்த வரைபடமாகத் தொடங்கி, 2013இல் கூகுள் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. இதன் வலிமை ஓட்டுநர்களே. முன்னே செல்பவர் விபத்தைக் கண்டால் அறிவிக்கிறார், சாலையில் பள்ளமெனில் அறிவிக்கிறார், வெள்ளமெனில் அறிவிக்கிறார். பின்னே வருபவர் அதனைக் கேட்டு வேறு வழி செல்கிறார். ஒருவர்க்கொருவர் வழி சொல்லும் நம் பழைய வழக்கந்தான் இங்குப் புது வடிவம் பெற்றுள்ளது. பெருநாள் காலத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு இதற்கிணையான துணை வேறில்லை என்பது நம் கருத்து. ஆனால் ஊர் கூடினால்தான் தேர் நகரும். நம் தோட்டச் சாலையில் ஒரு நாளில் எத்தனை பேர் வேஸை வைத்துக்கொண்டு செல்வர்? அறிவிப்பார் இல்லாத சாலையில் வேஸ் வாய்மூடியிருக்கும். மேலும், புதிய வழியைக் கணக்கிட அதற்கு இணையத் தொடர்பு வேண்டும். வழியிற் செல்லும்போது அலை அறுந்தால் முன்பே பெற்ற வழியைத் தொடர்ந்து காட்டும். நாம் வழிமாறிவிட்டாலோ திகைத்துவிடும். இதில் தோட்டப்புறத்திற்கு உகந்த அமைப்பு ஒன்று உண்டு. தார் போடாத சாலைகளைத் தவிர்க்குமாறு கட்டளையிடலாம். விருந்தினர்க்கு இதனைச் சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் செம்மண்ணில் புதையும் கார்களைத் தள்ளும் வேலை நம் இளைஞர்க்குக் குறையும்.

கூகுள் மேப்ஸ் 2005இல் தோன்றியது. வேஸும் இதுவும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகளாயினும் குணத்தில் வேறு. கடை, கிளினிக், பள்ளி, கோயில் ஆகியவற்றைத் தேடிக் காண்பதில் கூகுள் மேப்ஸே முன்னிற்கிறது. சாலை நெரிசலை இது அறியும் விதம் வியப்புக்குரியது. சாலையில் செல்லும் எண்ணற்ற கைப்பேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைக் கொண்டே நெரிசலைக் கணிக்கிறது. நம் வகையில் இதன் பெரும்பயன், வரைபடத்தை முன்னதாகவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. வீட்டிலோ பட்டணத்திலோ இணையம் கிடைக்கும்போது நம் மாவட்டத்தை இறக்கிவைத்தால், அலையில்லா இடத்திலும் காருக்குரிய வழியைச் சொல்லும். அந்நிலையில் நெரிசல் தெரியாது, நடைவழியும் காட்டாது. இறக்கிய வரைபடத்தை அவ்வப்போது புதுப்பித்தலும் வேண்டும். எழுத்துகளைத் தமிழில் மாற்றிக்கொள்ளும் வசதியுண்டு. நம் பாட்டிமார் சிலர் இப்போது அதனைப் பார்த்து, பேருந்து எங்கே வந்துவிட்டது என்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கின்றனர்.

மூன்றாவது வகையைப் பலர் அறியார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. இது யாருக்கும் தனியுடைமையன்று. எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம். ஆர்கேனிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் முதலிய செயலிகள் இவ்வரைபடத்தைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இணையமே இல்லாமல் இயங்குகின்றன. ஒற்றையடிப் பாதை, சிற்றாறு, பாலம் ஆகியவற்றையும் இதில் குறிக்கலாம். கதவுக்கெனத் தனிக்குறியே உண்டு. குறை யாதெனில், நெரிசலைப் பற்றிய அறிவு இதற்கு மிகக் குறைவு. கோலாலம்பூருக்குச் செல்பவர்க்கு இதனைப் பரிந்துரைக்கமாட்டோம். எட்டாம் பிரிவுக்குச் செல்பவர்க்குப் பரிந்துரைப்போம்.

கைப்பேசிகள் பெருகுமுன் கார்மின் போன்ற தனிக்கருவிகளே வண்டிகளில் இருந்தன. சிம் அட்டை இல்லாமல், தன்னுள்ளே உள்ள வரைபடத்தைக் கொண்டு அவை இயங்குவன. மலேசியா, சிங்கப்பூர் வரைபடங்களை மால்சிங்மேப்ஸ் என்னும் பெயரில் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்து, அக்கருவிகளுக்கு இலவசமாக வழங்கினர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. பழைய கருவி ஒன்று வீட்டில் கிடந்தால் எறிந்துவிட வேண்டா.

பழம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு சொல். மேலே கூறிய வேஸும் கூகுள் மேப்ஸும் காரையும் மோட்டார் சைக்கிளையும் எண்ணிச் செய்யப்பட்டவை. பாலம் எத்தனை டன் தாங்கும் என்று அவை பார்ப்பதில்லை. ஓஸ்ம்ஆண்டில் லாரியின் எடையையும் உயரத்தையும் குறித்துவைக்கலாம். ஆனால் பாலத்தின் தாங்குதிறன் வரைபடத்தில் ஏற்றப்பட்டிருந்தால்தான் அது பயன்படும். பாலத்தருகே நட்டிருக்கும் பலகையே இன்றும் நம்பத்தக்கது. மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் பெற்றோர், கைப்பேசியை ஒரு கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதைக் காலையில் பள்ளி வாயிலில் காண்கின்றோம். அது சட்டப்படி குற்றம். தினமும் வரும் வழிக்குச் செயலி எதற்கோ, நமக்கு விளங்கவில்லை.

நாம் செய்யத்தக்கது யாது? வரைபடம் வானத்திலிருந்து இறங்கி வருவதன்று; மனிதர் வரைவது. நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, காந்த ஊசியையும் அளவுநாடாவையும் கொண்டு கல்லூரித் திடலை வரைந்து கொடுத்தால்தான் நிலநூல் தேர்வில் தேற முடியும். அதனினும் எளிய வேலை இது. தோட்ட அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று (தோட்டச் சாலை தனியார் நிலம், ஒப்புதல் இன்றித் தொடுதல் முறையன்று), ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆசிரியர்களுடன் நடந்து, இரண்டு வாயில்கள், பாலம், நான்கு லய வரிசைகள், ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி ஆகியவற்றின் இடங்களைக் குறித்து வந்தனர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கதவைக் குறித்தாகிவிட்டது. கூகுள் மேப்ஸுக்கும் வேஸுக்கும் திருத்தம் அனுப்பியுள்ளோம். அவற்றில் திருத்தத்தைச் சரிபார்த்த பின்னரே ஏற்பர்.

அவ்விடங்களைக் குறிக்கும் எண்களைப் படிக்கும் முறையை எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். கூகுள் மேப்ஸில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். முதலாவது, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை பாகை. இரண்டாவது, கிரீனிச்சிலிருந்து கிழக்கே எத்தனை பாகை. கோலாலம்பூருக்கு அவை ஏறத்தாழ 3.1, 101.7. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் சொன்னால் 11 கிலோமீட்டர் அளவில் இடம் தெரியும். இரண்டு இலக்கம் சொன்னால் 1.1 கிலோமீட்டர்; மூன்று சொன்னால் 110 மீட்டர்; நான்கு சொன்னால் 11 மீட்டர். நான்கு இலக்கம் இருந்தால் எந்த லயம் என்பது தெரிந்துவிடும். ஐந்து இருந்தால் எந்த வீட்டு வாசல் என்பதும் தெரியும். எட்டாங்கட்டை என்று முதியவர் சொன்னதும் இத்தகைய எண்ணே. அது சாலை தொடங்குமிடத்திலிருந்து எண்ணியது, இஃது உலகம் முழுமைக்கும் பொதுவாக எண்ணியது. எண்களை முன்பின்னாக மாற்றிச் சொல்லலாகாது. வடக்கே 101 பாகை என்று ஓரிடம் இல்லை. 90 பாகையோடு துருவம் வந்துவிடும்.

தோட்டத்து லயங்களுக்குத் தெருப்பெயரும் கதவிலக்கமும் இல்லாமையால், அவசர அழைப்பில் முகவரி சொல்லத் தெரியாமல் பலர் தடுமாறுகின்றனர். ஆதலின் ஒவ்வொரு லய வரிசைக்கும் உரிய இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, ஆயாக் கொட்டகையிலும், மளிகைக் கடையிலும், கோயில் மண்டபத்திலும், லயங்களின் முதல் வீட்டுச் சுவரிலும் ஒட்டியுள்ளோம். அழைப்பை ஏற்பவர் மலாய்மொழியில் வினவுவார் என்பதால், எண்களுக்குக் கீழே அவற்றை மலாயில் ஒலிக்கும் முறையையும் தமிழெழுத்தில் எழுதியிருக்கின்றோம்: புள்ளிக்குப் 'பெர்புலுஹான்', சுன்னத்திற்குக் 'கோசோங்', முன்வாயிலுக்குப் 'பிந்து பாகார் ஹாடாப்பான்'. "முன்வாயில் வழியாக மட்டும் வருக" என்பதை முதல் வரியாகவே சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர்கள் இதனை இருவர் இருவராக, ஒருவர் அழைப்பவராகவும் மற்றவர் ஏற்பவராகவும் இருந்து, வகுப்பில் சொல்லிப் பழகி வருகின்றனர். பெற்றோர் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அத்தாளின் கடைசி வரி, மாலை ஆறு மணிக்குமேல் பின்வாயிலின் சாவி யாரிடம் இருக்கும் என்பது. தோட்ட நிருவாகத்திற்கு எழுதியுள்ளோம். மறுமொழி வந்ததும் அப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுமாறு அவ்விடத்தை வெற்றாக விட்டிருக்கின்றோம்.